நாலாவது விரலின் எடை

புது வாத்தியம் எதுவானாலும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். மேடையில் ஒரு பாட்டு முடிந்து விளக்கு அணைந்து, அடுத்த பாட்டுக்கு எரிவதற்குள் கிடைக்கும் நாலைந்து வினாடியில் கண் எதற்கும் உதவாது, கைதான் போய்க் குமிழைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மின்சாரப் பியானோவின் இடது ஓரத்தில் ஒலி அளவுக்கு ஒரு குமிழ், அலுமினியம், சில்லென்று இருக்கிறது, விளிம்பில் வரி வரியாகச் செதுக்கியிருக்கிறார்கள், வியர்த்த விரலிலும் வழுக்காது, நல்லது. அதற்கு அடுத்த குமிழும் அதே பருமன், அதே வரி. இது தப்பு. இருட்டில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் திருப்பிவிட்டால் அரங்கம் முழுக்க அலறும். சொல்ல வேண்டும். மேல்பலகை கறுப்பு, பளபளப்பு இல்லாத கறுப்பு, விளக்கு பட்டுக் கண்ணில் அடிக்காது, ஆனால் தொட்ட இடமெல்லாம் தடம் விழுகிறது, என் வலது கையின் ஐந்து விரலும் அதில் பதிந்திருக்கின்றன, மோதிர விரல் மட்டும் மற்றவை அளவுக்குப் பதியவில்லை, இல்லை, அப்படிப் பார்க்காதே, விரலைப் பார்க்க வரவில்லை நீ, பியானோவைப் பார்க்க வந்திருக்கிறாய். “எப்படிங்க மேடம் இருக்குது?” என்று மயில்சாமி கேட்டார், மூன்றாவது தடவையாக. முப்பது வருஷம் பம்புசெட் மோட்டார் செய்தவர். மகள் பியானோ படித்த காலத்தில் வீட்டுக்கு வந்த வெளிநாட்டு வாத்தியத்தைத் திருப்புளியால் கழற்றிப் பார்த்து, இதை நம்ம ஊரிலேயே செய்யலாமே என்று ஆரம்பித்தவர். கோயமுத்தூரில் அவருடைய மோட்டார் பட்டறையின் பின்கட்டில் நாற்பது பியானோக்கள் முடிந்து அட்டைப் பெட்டியில் நிற்கின்றன. நான் சரி என்று கையெழுத்துப் போட்டால் வெளியே போகும். “ஹெப்சிபா மேடம் வாசிச்சுப் பாத்துச் சொல்லாம ஒண்ணக்கூட அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டனுங்க” என்று போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கே மறுத்திருக்கலாம். முதுகுவலி என்றிருக்கலாம்.

அறை எனக்குப் பிடிக்கவில்லை. முன்பு மோட்டார் சத்தத்தை அளந்து பார்த்த அறையாம். ஜன்னல் கிடையாது. சுவர், கூரை எல்லாம் சாம்பல் நிற நுரைப்பஞ்சு, முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக. கதவைச் சாத்தினால் பிரிட்ஜ் கதவு மாதிரி ஒரு உறிஞ்சல், அதன்பிறகு வெளியே ஓடும் மோட்டார் ஒன்றுகூடக் கேட்காது, காதுக்குள் என் ரத்தம் ஓடுவதுதான் கேட்கும், பேசினால் வார்த்தை வாயை விட்டு ஒரு முழம் போனதும் செத்து விழுகிற மாதிரி. இங்கே எதையும் மறைக்க முடியாது. தேவாலயத்தில் மறைக்கலாம், அங்கே எதிரொலி இருக்கிறது, கூட்டமாகப் பாடுகிறார்கள், கல்யாண மேடையில் டிரம்ஸ் இருக்கிறது. ஏப்ரலில் இருந்து மறைத்துக்கொண்டுதான் வருகிறேன். உட்கார்ந்தேன். கட்டைகளின் மேல் தோல் நன்றாக இருந்தது, தந்தம் மாதிரி லேசான சொரசொரப்பு, கை ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இடது கோடிக் கட்டைகள் கனம், வலப்பக்கம் போகப் போகக் கனம் குறைகிறது, நிஜப் பியானோவில் சுத்தியல்கள் சிறுத்துக்கொண்டே போவது போல. பாதி அழுத்தத்தில் ஒரு சின்னத் தடை, அதைத் தாண்டியதும் விட்டுக்கொடுக்கிறது. அடியில் போய் முட்டும்போது டொக் என்று கேட்கவில்லை, கம்பளி போட்டிருக்கிறார்கள். மனிதர் வேலையைச் செய்திருக்கிறார். உண்மையாகவே நன்றாக இருக்கிறது என்று நினைத்தபோது, அதோடு கூடவே, அப்படியானால் தப்பித்துக்கொள்ள இடமில்லை என்றும் நினைத்தேன். கையை நடு சி-யில் வைத்தேன். பெருவிரலை ஒன்று என்று எண்ணினால் மோதிர விரல் நாலு. சி, டி, ஈ, எஃப், ஜி, ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை, நாற்பது வருஷமாக எந்த வாத்தியத்தில் உட்கார்ந்தாலும் முதலில் வாசிக்கிற ஏற்றம் இறக்கம், பல் தேய்ப்பது மாதிரி, யோசனையே வேண்டாம். வாசித்தேன். சி, டி, ஈ, ஒரு பள்ளம், ஜி. இன்னொரு தடவை. சி, டி, ஈ, பள்ளம், ஜி. படிக்கட்டில் ஒரு படி இல்லாத மாதிரி. மயில்சாமியின் தலை லேசாகச் சாய்ந்தது. மோட்டார் கேட்டுப் பழகிய காது. அவர் கேட்டுவிட்டார். அவர் வாயைத் திறக்கும் முன் என் வாய் திறந்துகொண்டது.

“சார், இந்த எஃப் கொஞ்சம் மெலிசா இருக்கே.”

ஏன் அப்படிச் சொன்னேன்? நானாகச் சொல்லவில்லை, நாக்கு சொன்னது என்று சொல்ல ஆசை. ஆனால் நான்தான் சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு, நிபுணி மாதிரி. மயில்சாமியின் முகம் ஒரு கணத்தில் பத்து வயது கூடியது. “ஒரு நிமிசமுங்க” என்று பக்கவாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். சின்னத் திரையில் எண்கள் வந்தன. ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு வேகத்தில் கீழே போனது என்பதை அது அளக்கிறதாம், பூஜ்யத்திலிருந்து நூற்றிருபத்தேழு வரை, நான் வாசித்த எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறதாம். அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, அறுபத்துமூன்று, நாற்பத்தொன்று, அறுபது. “நாப்பத்தொண்ணு!” என்றார், அதிர்ந்துபோய். “அடுத்தடுத்த கட்டைக்கு இருபது வித்தியாசமா? இந்த வரிசையப் போட்டவளக் கூட்டிட்டு வரனுங்க.” கதவு உறிஞ்சித் திறந்து உறிஞ்சி மூடியது. எனக்கும் அந்தத் திரைக்கும் நடுவே வேறு யாரும் இல்லை.

நாற்பத்தொன்று. ஐந்து மாதமாக அதற்கு எண் இல்லாமல் இருந்தது. தூக்கக் குறைவு என்று சொல்லிக்கொண்டேன், காய்கறிப் பை தூக்கியதால் என்றேன், மாதவிடாய் நின்ற வயசில் எல்லாருக்கும் இப்படித்தான் என்றேன், முழங்கையில் நரம்பு எங்கோ அழுந்தியிருக்கும், தலையணையை மாற்றினால் போகும் என்று தலையணையைக்கூட மாற்றினேன். எண் வந்துவிட்டால் அது வேறு. எட்வின் அண்ணனுக்கு முதலில் சட்டைப் பொத்தான். தூத்துக்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கிளம்பி நிற்கிறான், மணிக்கட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே இருக்கிறான், எல்லாரும் வாசலில் நிற்கிறோம், கடைசியில் அண்ணியிடம் கையை நீட்டி, “இதக் கொஞ்சம் போட்டு விடேன், புதுச் சட்டை, ஓட்டை சின்னதா இருக்கு” என்றான். புதுச் சட்டை இல்லை அது. நான் பார்த்தேன். சொல்லவில்லை. அதற்கப்புறம் வீட்டுப் பூட்டு, பூட்டில் துரு என்றான். அப்புறம் சீப்பு. அவனும் இப்படித்தான், சட்டையின் மேல், பூட்டின் மேல், ஒவ்வொன்றாகப் பழி போட்டுக்கொண்டே வந்தான், நான் இப்போது கட்டையின் மேல் போட்ட மாதிரியே. மூன்றாவது வருஷம் தண்ணீர் விழுங்க முடியாமல் போயிற்று. மதுரையில் டாக்டர், தசைகளை ஒவ்வொன்றாகச் சாகவைக்கும் அந்த நோயின் பெயரை மூன்று இங்கிலீஷ் எழுத்தில் சொன்னார், நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை, “பெரும்பாலும் குடும்பத்துல வராதும்மா, நீங்க பயப்படாதீங்க” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பெரும்பாலும். அந்த ஒரு வார்த்தையை எட்டு வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன், பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு போய்ப் போய் அதைத் தொடும். பெரும்பாலும் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறா, மீதிப் பத்தில் நான் ஏன் இருக்கக்கூடாது. ஒருவேளை நிஜமாகவே கட்டைதான் கோளாறோ? இருக்கலாமே. புதுக் கம்பெனி, கையால் செய்கிறார்கள். கோளாறு கட்டையில் இருந்தால் எல்லாம் சரி, நான் சரி, ஐந்து மாதமும் பொய். அதைத் தெரிந்துகொள்வது ரொம்பச் சுலபம் என்பது எனக்குத் தெரியும், தெரிந்ததால்தான் கை மடியில் கிடந்தது. கையை ஒரே ஒரு கட்டை வலப்பக்கம் தள்ளி வைத்தால் போதும். தள்ளாதே. தள்ளினேன். டி, ஈ, எஃப், ஜி, ஏ. எஃப் இப்போது நடுவிரலுக்கு வந்தது, அறுபத்திரண்டு என்றது திரை, பொட்டுக் குறை இல்லை. நாலாவது விரலுக்கு ஜி வந்தது. நாற்பது. பள்ளம் கையோடு கூடவே நகர்ந்து வந்திருந்தது. இன்னும் ஒரு கட்டை தள்ளினேன், இன்னும் ஒன்று. நாய்க்குட்டி மாதிரி அது கூடவே வந்தது. திரையில் பழைய எண்களை அழிக்க ஒரு பொத்தான் இருந்தது. அழித்தேன். அழித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன், என்னவோ திருடியவள் போல.

கதவு திறந்தது. மயில்சாமிக்குப் பின்னால் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், பச்சை மேலங்கி, கையில் சின்ன மரப்பெட்டி. தெய்வானை என்றார். கட்டைகளுக்கு எடை பார்த்து, அடியில் ஈயத்துண்டு பொருத்துகிற வேலை அவளுடையது. நாற்பது பியானோவின் கட்டைகளும் அவள் கை பட்டவை. அவள் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள், பயந்திருந்தாள், ஆனால் பயத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. “எந்தக் கட்டைங்க?” என்று கேட்டாள். நான் எஃப்-ஐக் காட்டினேன். காட்டுகிறேனே என்று எனக்கே தோன்றியது, இன்னும் காட்டுகிறேனே. அவள் பெட்டியைத் திறந்து பித்தளை எடைக்கல் ஒன்றை எடுத்து எஃப்-இன் நுனியில் வைத்தாள். கட்டை மெதுவாக, மூச்சு விடுகிற மாதிரி, இறங்கியது. அதே கல்லை ஈ-யில் வைத்தாள், ஜி-யில் வைத்தாள். அதே மூச்சு.

“எல்லாம் ஒண்ணாத்தானுங்க இருக்குது சார். அரைக் கிராம் மாறியிருந்தாக்கூடத் தெரிஞ்சுக்குவனுங்க.”

“எடை சரியா இருந்தாப் போதுமா? அடியில சென்சாரு ஒழுங்கா உக்காராம இருக்கும். நீ பாத்தியா?”

“பாத்துத்தானுங்க மூடுனேன்.” அவள் தன் ஆட்காட்டி விரலால் ஐந்து கட்டையையும் தட்டினாள். எண்கள் வரிசையாக வந்தன, ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. அவளுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது, ஆனால் அந்த விரல் ஒரு தராசு. “பாருங்க சார்.”

மயில்சாமி பார்க்கவில்லை. “நீ குத்தறது வேற, மேடம் வாசிக்கிறது வேற. நாப்பது வருச விரலு அது. மேடத்தோட விரலு பொய் சொல்லுமா?” என்றார். “போன மாசமும் இப்படித்தான் ஒரு வரிசையப் பிரிச்சுத் திரும்ப மாட்டுனோம். நாப்பதையும் பிரிக்கோணும் இப்ப. நீ நாளையிலிருந்து வைண்டிங்குக்கே போயிரு தெய்வானை. இந்த வேல உனக்கு ஒத்துவராது.”

வைண்டிங் என்றால் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது, வரும்போது அந்தக் கூடம் வழியாகத்தான் வந்தேன், வார்னிஷ் நெடியில் கண் எரிந்தது. தெய்வானை எடைக்கல்லைப் பெட்டியில் அதன் குழிக்குள் திரும்ப வைத்தாள், முதல் தடவை சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி வைத்தாள், மூடியைச் சாத்தினாள். ஒரு கிராமத்தின் பாதியைக் கண்டுபிடிக்கிற கை அது என்று நான் அசட்டுத்தனமாக நினைத்து, கிராமம் இல்லை கிராம் என்று எனக்குள்ளேயே திருத்தினேன், பயம் வந்தால் எனக்கு இப்படித்தான் சொற்கள் வழுக்கும், அல்லது அதுவும் அதுதானோ, நாக்கும் ஆரம்பித்துவிட்டதோ, அண்ணனுக்குக் கடைசி வருஷம் ‘ழ’ வராமல் போனதே, பழம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், வாழை, மழை, கிழமை, வருகிறது, வருகிறது. அவள் கதவருகே போய்விட்டாள். பேசாமல் இருந்தால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. நாற்பதையும் பிரிப்பார்கள், கோளாறு கிடைக்காது, ஏதோ ஒன்றை மாற்றினோம் என்று சொல்லி மூடுவார்கள், அவள் கம்பி சுற்றுவாள், பழகிய வேலைதானே, நான் ஐந்தரை ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுவேன், வீட்டில் யாரும் இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள், இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு கிறிஸ்துமஸ். அண்ணன் பூட்டின் மேல் பழி போட்டான், பூட்டுக்கு வலிக்காது. இங்கே பூட்டு இருக்கிற இடத்தில் ஒரு மனுஷி நிற்கிறாள்.

“சார், இருங்க. கட்டையில ஒண்ணுமில்ல.”

மயில்சாமி திரும்பினார். என் குரல் அந்த நுரைப்பஞ்சில் விழுந்து அமுங்கியதால் சரியாகக் கேட்டிருக்காதோ என்று சந்தேகப்பட்டேன், அப்படிக் கேட்காமல் இருந்தால் நல்லதே என்றும் ஒரு பக்கம் இருந்தது. “என் விரல்லதான் இருக்கு” என்றேன். “நீங்க வெளிய போனப்பவே பாத்துட்டேன். அழிச்சிட்டேன். மறுபடியும் பாருங்க.” வாசித்தேன். கையை நகர்த்தி வாசித்தேன். மறுபடி நகர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் நாலாவது எண் நாற்பது, நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கச்சேரியில் தப்பாக வாசித்தால் வரும் கூச்சம் இது இல்லை, உடை மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட கூச்சம்.

“ரயில்ல வந்த அலுப்பா இருக்குமுங்க மேடம்” என்றார் மயில்சாமி அவசரமாக. “ஒரு டீ சாப்ட்டு, செத்த ஓய்வெடுத்துட்டு வாசிச்சீங்கன்னா...”

“எத்தன நாளாங்க இப்படி?” என்று தெய்வானை கேட்டாள்.

யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. கேட்கும் அளவுக்கு யாரையும் நான் பக்கத்தில் விட்டிருக்கவில்லை. “ஏப்ரல்லருந்து” என்றேன். சொன்னதும் அந்த மாதம் அறைக்குள் வந்து நின்றுகொண்டது. அவள் என் பக்கத்தில் வந்து, கேட்காமலே என் வலது கையை எடுத்துக் கவிழ்த்து, மோதிர விரலின் நுனியைத் தன் விரலால் மேலே தள்ளி, “அமுத்துங்க” என்றாள். அழுத்தினேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, எடை பார்க்கிற முகம். பிறகு பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையைத் தடவினாள். அங்கே லேசாகக் குழி விழுந்திருப்பது எனக்குத் தெரியும். ஜூலையிலிருந்து அங்கே பார்ப்பதில்லை. அவள் தடவிய விரல் அங்கேயே ஒரு கணம் நின்றது.

“அந்தக் கையையும் பாத்துரலாங்களா?” என்றாள்.

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். இடது கையை நான் தனியாகச் சோதித்ததே இல்லை, தெரியாதவரை அது நன்றாக இருந்தது, எல்லாப் பாட்டிலும் அதன் மேல்தான் பாரத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் மேலங்கிப் பையிலிருந்து பேனாவும் சீட்டும் எடுத்துவிட்டாள், பழக்கம், எதை அளந்தாலும் எழுதுகிற பழக்கம். நான் இடது கையை வைத்தேன். ஒவ்வொன்றாக அழுத்தினேன். அவள் படித்தாள். “அறுவத்தொண்ணு. அறுவது. அறுவத்திரண்டு.” நாலாவது விரல். என் கண் திரைக்குப் போகவில்லை, அவள் உதட்டுக்குப் போனது. “அறுவதுங்க.” கடைசி விரல். “அம்பத்தொம்பது.” மயில்சாமி பெருமூச்சு விட்டுச் சிரித்தார். “பாத்தீங்களா, ஒண்ணுமில்லீங்க, ஒரு பக்கம் நரம்பு சுளுக்கியிருக்கும்” என்றார். நானும் சிரித்தேன். அண்ணனுக்கும் இடது கை ஏழு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், அத்தோடு செப்டம்பரில் பாதி. சிரித்துக்கொண்டே எண்ணி முடித்தேன்.

கையெழுத்துப் போட வேண்டிய தாளைக் கேட்டேன். கட்டைகள் எண்பத்தெட்டும் சீர், தொடுகை நன்று, எடை சேர்த்தவர் வேலையில் குறை இல்லை, குமிழ்கள் இரண்டையும் வேறு வேறு பருமனில் செய்யவும், மேல்பலகையில் கைத்தடம் விழுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து நன்றாகவே வந்தது. மயில்சாமி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, தெய்வானையைப் பார்க்காமல், “சரி சரி, உன்ற எடை மேசைக்கே போ” என்றார். அவள் போகவில்லை. “டாக்டரப் பாத்தீங்களா?” என்று என்னைக் கேட்டாள். நம்பர் இருக்கிறது, ஜூன் மாதமே குறித்து வைத்துக்கொண்டேன் என்றேன். “கூப்புடுங்க.” ஊருக்குப் போய்க் கூப்பிடுகிறேன் என்றேன். “ஊருக்குப் போனாக் கூப்புட மாட்டீங்க” என்றாள். அதில் கோபம் இல்லை. சற்றுமுன் நான் அவளுக்கு என்ன செய்யப் பார்த்தேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று மட்டும் தெரிந்தது. போனை எடுத்தேன். அந்த அறைக்குள் சிக்னல் வரவில்லை. அவள் போய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். மோட்டார்கள், சுத்தியல், எங்கோ கிரைண்டர், எல்லாச் சத்தமும் ஒரேயடியாக உள்ளே கொட்டின. நான் வாசற்படியில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினேன். சென்னையில் ஒரு பெண் குரல் பெயர் கேட்டது, வயது கேட்டது, ஐம்பத்திரண்டு என்றேன், என்ன தொந்தரவு என்று கேட்டது, வலது கை, நாலாவது விரல், பலம் குறையுது என்றேன், ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் ஏதோ படிவத்தை நிரப்புகிறாள் போல, தட்டும் சத்தம் கேட்டது.

“ஃபேமிலில வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா மேடம்?”

“அண்ணனுக்கு.”

“அவரு இப்ப எப்படி இருக்காரு?”

சொன்னேன்.

“கேக்கல மேடம். அங்க ரொம்பச் சத்தமா இருக்கு. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

“இறந்துட்டாரு” என்று கத்தினேன். வைண்டிங் மேசைகளில் குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து என் பக்கம் திரும்பின. மயில்சாமி தரையைப் பார்த்தார். போனில் தட்டும் சத்தம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

“சரிங்க மேடம். வியாழக்கிழமை காலைல பத்தரை. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க.”